எலெக்ட்ரிக் கிதாரைத் திட்டுவதற்கு முன்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டுப்புறப் பாட்டும் எலெக்ட்ரிக் கிதாரும் ஒத்துப்போகுமா என்று கேட்டு உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1965 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடகர் பாப் டிலன் எலெக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொண்டு மேடையேறியதும், கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டதும் வழக்கம்போல அதில் இருந்தது. சரி, சொல்லவேண்டிய கதைதான். ஆனால் கட்டுரை அதோடு நின்றுகொண்டு, பழைய பாட்டில் மின்சாரம் பாய்ச்சினால் சத்தம் மட்டும் மிஞ்சும், பாட்டு காணாமல் போய்விடும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. எனக்கு அங்கேதான் இடிக்கிறது. டிலன் அன்றைக்கு அந்தக் கிதாரோடு பாடியது அவரே எழுதிய பாட்டுகளை. முந்நூறு நானூறு வருஷம் வாய்வழியாக வந்த பாட்டை எலெக்ட்ரிக் கருவிகளோடு பாடினால் என்ன ஆகும் என்று கேட்கவேண்டுமானால் அமெரிக்காவை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குப் போகவேண்டும், 1969 டிசம்பரில் வந்த 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பத்தைக் கேட்கவேண்டும். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் ஆல்பம். கட்டுரையில் அதன் பெயர்கூட வரவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை.

குழு தொடங்கியது 1967-ல், வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் பகுதியில். ஒத்திகை பார்த்த வீட்டின் பெயர் ஃபேர்போர்ட், அதையே தங்களுக்கும் வைத்துக்கொண்டார்கள். முதலில் அவர்களுக்கு அமெரிக்க மோகம்தான், டிலன் பாட்டு, ஜோனி மிட்செல் பாட்டு என்று பாடிக்கொண்டிருந்தார்கள். 1968-ல் சாண்டி டென்னி பாட வந்து சேர்ந்தார். அவர் லண்டனில் நாட்டுப்புறப் பாட்டு பாடும் ஃபோக் கிளப்களில் ஒற்றைக் கிதாரோடு பாடிப் பழகியவர், அங்கே பாடிய பழைய பாட்டுகளையும் கூடவே கொண்டுவந்தார். அப்படி வந்த ஒரு கடலோடிப் பாட்டை 1969-ல் இவர்கள் ஒரே டேக்கில் பதினோரு நிமிடத்துக்கு வாசித்துப் பதிவு செய்தார்கள், அதில் விருந்தாளியாக ஃபிடில் வாசிக்க வந்தவர் டேவ் ஸ்வார்பிரிக். ஃபிடில் என்றாலும் வயலின்தான், வாசிக்கும் விதம் வேறு. அவர் அதற்கு முன்பே நாட்டுப்புறப் பாடகர் மார்ட்டின் கார்த்தியோடு ஊர் ஊராகப் போய் வாசித்துப் பெயர் வாங்கியவர். இன்னொரு பக்கம், தி பேண்ட் குழுவின் 1968 ஆல்பத்தைக் கேட்டு இவர்கள் ஆடிப்போயிருந்தார்கள். இவ்வளவு ஆழமாக அமெரிக்க மண்ணில் கால் ஊன்றி ஒருவன் வாசிக்கும்போது லண்டன் பையன்கள் நாம் எதற்கு அமெரிக்க வேஷம் போடவேண்டும், நம் ஊர்ச் சரக்கை எடுப்போம் என்ற யோசனை அப்போது வந்ததுதான். (அந்த தி பேண்ட் குழுவில் ஐந்து பேரில் நாலு பேர் கனடாக்காரர்கள், அது தனிக் கதை.)

அதற்குள் விபத்து. 1969 மே 12 அதிகாலை, பர்மிங்ஹாமில் கச்சேரி முடித்து லண்டன் திரும்பும்போது எம்1 நெடுஞ்சாலையில் வேன் கவிழ்ந்தது. டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் இறந்துபோனார், வயது 19. கிதாரிஸ்ட் ரிச்சர்ட் தாம்ப்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார். தாம்ப்சனுக்கு அப்போதுதான் 20 ஆகியிருந்தது. சாண்டி அன்று வேறு வண்டியில் வந்ததால் தப்பினார். இனி குழு வேண்டுமா என்றே யோசித்திருக்கிறார்கள். பிறகு, தொடர்வதென்றால் பழைய பாட்டுகளை மறுபடி அப்படியே வாசிக்க முடியாது, புதிதாக ஏதாவது செய்யவேண்டும் என்று முடிவானது. தயாரிப்பாளர் ஜோ பாய்ட் ஏற்பாட்டில் ஹாம்ப்ஷயரில் வின்செஸ்டர் பக்கம் ஃபார்லி சேம்பர்லேன் என்ற சின்ன ஊரில் ஒரு பெரிய பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து அந்தக் கோடை முழுவதும் அங்கேயே தங்கினார்கள். ஸ்வார்பிரிக் முழுநேரமாகச் சேர்ந்தார். டிரம்ஸுக்கு டேவ் மாட்டக்ஸ் வந்தார், அவர் நடன மண்டப ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்துப் பிழைத்தவர், நாட்டுப்புற இசை பற்றி ஒன்றும் தெரியாது. இந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

பாட்டுகளைத் தேடி எடுத்த வேலை பெரும்பாலும் பாஸ் கிதாரிஸ்ட் ஆஷ்லி ஹட்சிங்ஸுடையது. மனிதர் லண்டனில் உள்ள செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்திலேயே குடியிருந்த மாதிரி உட்கார்ந்து பழைய ஏடுகளைப் புரட்டியிருக்கிறார். அது இங்கிலாந்தின் நாட்டுப்புற நடனம், பாட்டு இரண்டுக்குமான சங்கத்தின் கட்டிடம். 19-ம் நூற்றாண்டில் அமெரிக்கப் பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்களைத் திரட்டி, 305 பாடல்களுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் கிடைத்த எல்லாப் பாடபேதங்களையும் போட்டுத் தொகுப்பு வெளியிட்டார். இந்த ஆல்பத்தில் வரும் 'டாம் லின்' அதில் 39-ம் எண், 'மேட்டி குரோவ்ஸ்' 81. எலெக்ட்ரிக் கிதார் வைத்திருக்கும் பையன்கள் பாரம்பரியத்தைக் கெடுக்க வருகிறார்கள் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும், இவர்கள் பாடபேதம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிதாரையே எடுத்தார்கள். ஆல்பத்தின் விரிக்கும் அட்டையின் உள்பக்கத்தில்கூடத் தங்கள் படங்களைப் போட்டுக்கொள்ளாமல் பாட்டு சேகரித்தவர்களையும் கிராமத்துச் சடங்குகளையும் படத்தோடு அறிமுகம் செய்திருந்தார்கள்.

சரி, பாட்டுக்கு வருவோம். எல்லாப் பாட்டையும் பற்றி எழுதப்போவதில்லை, 'மேட்டி குரோவ்ஸ்' ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். எட்டு நிமிடப் பாட்டு. கதை இது: பண்டிகை நாளில் சர்ச்சுக்கு வந்த பிரபுவின் மனைவி, அங்கே நின்ற ஏழைப் பையன் மேட்டியைப் பார்த்து, என் கணவர் ஊரில் இல்லை, வீட்டுக்கு வா என்கிறாள். பக்கத்தில் நின்ற வேலைக்காரன் கேட்டுவிடுகிறான், எஜமானிடம் சொல்ல ஓடுகிறான், வழியில் ஆறு குறுக்கிட்டதும் ஷூவைக் கழற்றிவிட்டு நீந்துகிறான். மேட்டி கண் விழித்தால் கட்டிலின் கால்மாட்டில் பிரபு நிற்கிறான், என் மெத்தை எப்படி, என் விரிப்பு எப்படி, உன் கையணைப்பில் தூங்கும் என் மனைவி எப்படி என்று விசாரிக்கிறான்! நிராயுதபாணியைக் கொன்றான் என்ற பேச்சு வரக்கூடாது என்று தன்னிடம் உள்ள இரண்டு வாள்களில் நல்லதை மேட்டியிடம் கொடுக்கிறான். முதல் வெட்டு மேட்டியுடையது, பிரபுவுக்குக் காயம். அடுத்த வெட்டு பிரபுவுடையது, மேட்டி எழவில்லை. இப்போது சொல், எங்கள் இருவரில் யாரைப் பிடிக்கும் என்று மனைவியைக் கேட்கிறான். செத்துக்கிடக்கும் அவன்தான் என்கிறாள். அவளையும் கொல்கிறான். இருவரையும் ஒரே குழியில் போடுங்கள், ஆனால் அவள் உயர்குடியில் பிறந்தவள், அவளை மேலே வையுங்கள் என்று உத்தரவு போடுவதோடு பாட்டு முடிகிறது. குழியில்கூட மேல் கீழ் பார்க்கிறான் பாருங்கள்.

இதை சாண்டி டென்னி பாடும் விதத்தைக் கேட்கவேண்டும். அழவில்லை, குரலை நடுங்கவிடவில்லை, பிரபு பேசும்போது கட்டைக்குரலும் அவள் பேசும்போது மென்குரலும் என்று நாடகம் போடவில்லை. பக்கத்துத் தெருவில் நடந்ததை ஒரு பெண் தெரிந்தபடி சொல்லிக்கொண்டு போவது போலவே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே நடை. அந்தக் காலத்துக் கிராமத்துப் பாடகர்கள் அப்படித்தான் பாடினார்கள், பாடுகிறவர் ஒதுங்கிக்கொண்டு கதையை முன்னால் விடுவார். பின்னால் கிதாரும் பாஸும் டிரம்ஸும் குதிரை ஓடுகிற மாதிரி ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே வருகின்றன, வார்த்தைகளுக்கு நடுவில் இடைவெளி கிடைத்தால் மட்டும் ஃபிடில் ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். புதைக்கச் சொல்லும் வரி முடிந்ததும்தான் ஃபிடிலும் எலெக்ட்ரிக் கிதாரும் அவிழ்கின்றன. கடைசி இரண்டு மூன்று நிமிடத்துக்கு வார்த்தையே கிடையாது, தாம்ப்சன் ஒரு சுற்று சுற்றினால் ஸ்வார்பிரிக் அதைப் பிடித்துத் திருப்பிப் போடுகிறார், யாரும் யாரையும் முந்தவில்லை. மூன்று பேர் வாழ்க்கை நாசமான பிறகு பாடுகிறவர் வாயால் சொல்லாத ஆத்திரம் முழுவதும் அங்கே வருகிறது. இதே முடிவுப்பகுதியைப் பாட்டின் ஆரம்பத்தில் வைத்திருந்தால் கட்டுரையாளர் சொல்வது போல வெறும் சத்தம்தான். எலெக்ட்ரிக்கா அகூஸ்டிக்கா என்று பட்டிமன்றம் வைப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை, கதையில் எந்த இடத்தில் எந்தக் கருவி வாயைத் திறக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. இன்னொரு வேடிக்கை, இந்தப் பாட்டுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மெட்டு அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதியில் பாடப்படும் ஒரு பாட்டினுடையது. இங்கிலாந்து வேரைத் தேடிப் போனவர்கள் கடைசியில் மெட்டை அங்கிருந்து எடுத்திருக்கிறார்கள், பாட்டுகள் அப்படித்தான் கப்பலேறிப் போய் வருகின்றன.

'டாம் லின்' இதற்கு நேர் எதிர். ஸ்காட்லாந்து எல்லைப்புறத்துக் கதை, ஜேனட் என்ற பெண், தேவதைகளின் ராணி பிடித்து வைத்திருக்கும் இளைஞனை மீட்கிறாள். ஹாலோவீன் இரவில் குதிரை ஊர்வலம் வரும், கறுப்புக் குதிரையை விட்டுவிடு, பழுப்பையும் விட்டுவிடு, வெள்ளைக் குதிரையில் வருகிறவனை இழுத்துக் கீழே போட்டுப் பிடித்துக்கொள், அவர்கள் என்னைப் பாம்பாக்குவார்கள், சிங்கமாக்குவார்கள், பிடியை மட்டும் விடாதே என்று அவன் சொல்லிக்கொடுக்கிறான். இங்கே தாளம் நேராக ஓடாது. நாலு நாலாக எண்ணிக்கொண்டு போனீர்கள் என்றால் இடறி விழுவீர்கள். கிதார் ஒரு கனத்த வெட்டு வைக்கும், இடைவெளி விடும், மறுபடி வெட்டும், சாண்டியின் குரல் அந்த இடைவெளிகளுக்குள் கால் வைத்து நடக்கும். அவள் கைக்குள்ளேயே அவன் உருமாறிக்கொண்டிருக்கும் கதைக்கு ஆற்றொழுக்கான தாளம் எப்படிப் பொருந்தும்? கடைசியில் தேவதை ராணி ஆத்திரத்தில் கத்துகிறாள், முன்பே தெரிந்திருந்தால் அவனை மரமாக்கியிருப்பேன் என்று. ஆல்பத்திலேயே முரட்டு எலெக்ட்ரிக் சத்தம் இந்தப் பாட்டில்தான்.

மாட்டக்ஸுக்கு வருவதாகச் சொன்னேன். ஜிக் என்பது துள்ளலான நாட்டுப்புற நடன மெட்டு, ஒரு ஜிக் மெட்டுக்கும் இன்னொரு ஜிக் மெட்டுக்கும் ஆரம்பத்தில் தனக்கு வித்தியாசமே தெரியாது என்கிற அளவுக்கு அவர் இந்த உலகத்துக்குப் புதியவர். வழக்கமான ராக் டிரம்மர் என்றால் எல்லாவற்றையும் நாலுக்குள் அடைத்து சிம்பலை நொறுக்கியிருப்பார். இவர் நடனக்காரர்களுக்கு வாசித்த கை, ஆடுகிறவன் கால் எங்கே தரையில் படும் என்று தெரிந்த கை. நாலு நடன மெட்டுகளை ஒன்றோடொன்று கோர்த்து வரும் ஆறாவது டிராக்கைப் போட்டுப் பாருங்கள். ஃபிடிலும் எலெக்ட்ரிக் கிதாரும் ஒரே மெட்டை ஒட்டி வாசிக்கின்றன, மெட்டு மாறும் இடத்தில் டிரம்ஸ் ஒரு சின்னத் தள்ளு தள்ளுகிறது, அவ்வளவுதான், மொத்தக் குழுவும் அடுத்த மெட்டுக்குள் இறங்கிவிடுகிறது. என் அண்ணன் மகன் டிரம்ஸ் வாசிப்பவன், மெட்டல் தவிர வேறு எதையும் மதிக்கமாட்டான், அந்த ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டான். பாராட்டவெல்லாம் இல்லை, கேட்டான்.

தாம்ப்சனின் கிதாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைக்கு இங்கிலாந்தில் எலெக்ட்ரிக் கிதார் எடுத்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க ப்ளூஸைத்தான் துரத்தினார்கள், எரிக் கிளாப்டன் மாதிரி. தாம்ப்சனின் அப்பா ஸ்காட்லாந்துக்காரர், வீட்டில் ஸ்காட்லாந்து நடன இசை ஓடிய சூழல். அதனால் இவர் தந்தியை ப்ளூஸ் பாணியில் இழுத்து அழவைப்பதைக் குறைத்துக்கொண்டு, ஸ்காட்லாந்தின் ஊதுகருவியான பேக்பைப்பை வாசிப்பவர்களைப் போல ஒரு சுருதியை அடியில் தங்கவிட்டு மேலே சின்னச் சின்ன கமகங்களைப் போடுகிறார். எலெக்ட்ரிக் கிதார் அந்நியமாக உறுத்தாமல் ஃபிடிலோடு ஒட்டுவதற்குக் காரணம் அதுதான். நம்மூரில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தபோதும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள், கமகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மெதுவான பாட்டுகளில் மின்சாரம் இருப்பதே தெரியாது. 'ரெய்னர்டைன்' மலைக்கு அப்பால் பெண்ணை அழைத்துப்போகும் நரித்தனமான ஒருவனைப் பற்றியது, தாளம் என்று ஒன்று இல்லாமல் சிம்பலின் முனகலும் கிதாரின் நீண்ட ஓசையும் புகை மாதிரி சுற்றிக்கொண்டிருக்க சாண்டி மட்டும் நடுவில் பாடுகிறார். 'ஃபேர்வெல், ஃபேர்வெல்' பழைய மெட்டுக்குத் தாம்ப்சன் எழுதிய வரிகள், மூன்று நிமிடம்கூட இல்லை. கடைசிப் பாட்டு 'கிரேஸி மேன் மைக்கேல்' முழுக்கப் புதிது, வரிகள் தாம்ப்சன், மெட்டு ஸ்வார்பிரிக். தன் காதலியின் சாவைச் சொல்லிக் கேலி செய்த அண்டங்காக்கையை ஒருவன் ஆத்திரத்தில் கொல்கிறான், பார்த்தால் செத்துக்கிடப்பது காதலியே. விபத்து நடந்து சில மாதங்களில் இருபது வயதுப் பையன் எழுதியது இது. ரசிகர்கள் பலரும் இந்த இரண்டு பாட்டையும் விபத்தோடு சேர்த்தே கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் கேட்கிறேன்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் பாட்டு 'கம் ஆல் யீ' எனக்குப் பிடிக்காது, வாங்க வாங்க என்று கூப்பிடும் விளம்பரப் பாட்டு மாதிரி இருக்கும், புதிதாகக் கேட்கிறவர்கள் அதிலேயே நிறுத்திவிடும் ஆபத்து உண்டு. 'தி டெசர்ட்டர்' ராணுவத்திலிருந்து ஓடிப்போய்ப் பிடிபட்டு, அடிபட்டு, கடைசியில் இளவரசர் ஆல்பர்ட் வண்டியில் வந்து விடுவிக்கும் சிப்பாயின் கதை. விடுவித்து எங்கே அனுப்புகிறார்? மறுபடி ராணுவத்துக்கே. கதையில் இவ்வளவு குத்தல் இருந்தும் வாசிப்பு கொஞ்சம் தொய்வு. மொத்தம் எட்டு டிராக், நாற்பது நிமிடம், அதில் இரண்டு சுமார் என்றால் பெரிய நஷ்டம் இல்லை.

பதிவு செய்தது அந்த வருஷம் அக்டோபர் வாக்கில், செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில். பழைய பால்பண்ணைக் கட்டிடம் அது. செப்டம்பரிலேயே லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் இந்தப் பாட்டுகளை மேடையேற்றிவிட்டார்கள், அன்று அவர்களுக்கு முன்னால் வாசித்தவர்களில் பாடகர் நிக் டிரேக்கும் ஒருவர். ஆல்பம் கடைக்கு வருவதற்குள் குழு உடைந்தது. ஹட்சிங்ஸுக்கு இன்னும் ஆழமாகப் பழைய பாட்டுக்குள் போகவேண்டும், போய் ஸ்டீலை ஸ்பான் குழுவைத் தொடங்கினார். சாண்டிக்குச் சொந்தப் பாட்டு எழுதவேண்டும், அவரும் விலகினார். அதாவது இந்த ஆறு பேர் சேர்ந்து போட்ட ஆல்பம் இது ஒன்றே ஒன்றுதான். சாண்டி 1978-ல் 31 வயதில் இறந்துவிட்டார். 2006-ல் பிபிசி ரேடியோ 2 ஃபோக் விருதுகளில், எல்லாக் காலத்திலும் மிக அதிகத் தாக்கம் ஏற்படுத்திய ஃபோக் ஆல்பம் என்று நேயர்கள் இதற்கு வாக்களித்தார்கள். அடுத்த வருஷம் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் குரோப்ரெடி கிராமத்து விழாவில் மீதி ஐந்து பேரும் சேர்ந்து ஆல்பம் முழுவதையும் வாசித்தார்கள், சாண்டியின் இடத்தில் கிறிஸ் வைல் பாடினார்.

உங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, இசைப் பக்கத்தில் இந்த ஆல்பத்துக்கு ஒரு அரைப்பக்கமாவது ஒதுக்குங்கள், கூடவே வாசகர்களுக்கு ஒரு வழியும் சொல்லுங்கள்: முதல் பாட்டைத் தாண்டிவிட்டு 'மேட்டி குரோவ்ஸ்' பாட்டில் தொடங்கவேண்டும், ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் பாஸ் கிதார் சுத்தமாகக் காணாமல் போய்விடும், ஹெட்ஃபோன் போட்டுக்கொள்வது நல்லது. இரண்டாவது, பாடியவர் பெயரை மட்டும் போட்டு முடித்துவிடாமல் ஃபிடில் யார், டிரம்ஸ் யார் என்றும் போடுங்கள். ஸ்வார்பிரிக்கைப் பற்றி எழுதும்போது மட்டும் தேதியை ஒருமுறைக்கு இரண்டுமுறை சரிபாருங்கள். அவர் இறந்தது 2016-ல். ஆனால் 1999-ல் கோவென்ட்ரி ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தபோதே லண்டனின் டெய்லி டெலிகிராஃப் முழுநீள இரங்கல் கட்டுரை போட்டுவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து அதைப் படித்த மனுஷன், கோவென்ட்ரியில் நான் செத்துப்போவது இது முதல் தடவை இல்லையே என்றாராம் (மேடையில் கச்சேரி எடுபடாமல் போனாலும் ஆங்கிலத்தில் செத்தான் என்றுதான் சொல்வார்கள்).

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
திருநகர், மதுரை.